எதையும் விற்காத அம்மா

— டீ ஆறிப்போச்சு பாரு. அந்த மிஷின கொஞ்சம் நிறுத்துக்கா. ஒரே ஒரு கையெழுத்து, அப்புறம் நாள் பூரா தைச்சுக்கோ.

— போட மாட்டேன்டா தம்பி.

— என்னக்கா விளையாடற? மாமா தவறிப் போனதுக்கு ஃபேக்டரில குடுத்த பணம் பேங்க்ல சும்மா தூங்குது. நம்ம இன்சூரன்ஸ் பிளான்ல பத்து வருஷம் போட்டா குட்டி போடும்னு எத்தனை தடவ சொன்னேன்? நேத்து வரைக்கும் சரி சரின்னு தலைய ஆட்டினியே!

— நேத்து சாயந்திரம் ஒருத்தங்களப் பாத்துட்டு வந்தேன். மருந்துக்கடை மாடியில நிதி ஆலோசகர்னு போர்டு இருக்குல்ல, அந்தம்மா.

— அவங்களா! வாயத் தொறந்தாலே காசு கேப்பாங்க. நான் ஓசியில சொல்றேன், நீ காசு குடுத்துக் கேட்டுட்டு வரியா? எவ்வளவு கறந்தாங்க?

— ரெண்டு கோட்டு தைக்கிற கூலி.

— அட ஆண்டவனே!

— எனக்கும் மொதல்ல வயிறு எரிஞ்சுது. கொறைச்சுக்கோங்கன்னு பேரம் பேசினேன். ‘நீங்க எதுல போட்டாலும், போடாமலே போனாலும் எனக்கு இதேதான். வேற எங்கிருந்தும் ஒத்தப் பைசா வராது’ன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்கடா! நம்மகிட்ட கையெழுத்து கேக்கறவங்களத்தான் பாத்திருக்கேன். போட்டுக் குடுக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்.

— அதெல்லாம் சும்மா பந்தாக்கா.

— பந்தாவா? அந்த ரூம்ல ஒரு கம்பெனி காலண்டர் இல்ல, ஓசிப் பேனா இல்ல. ஜன்னல் மொட்டையா கெடக்கே, திரை தைச்சுத் தரேன்னேன். ‘தைங்க, ஆனா கூலி வாங்கிக்கணும். இல்லேன்னா வேணாம்’ங்கறாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு போ. இப்படியும் மனுஷங்க இருக்காங்களாடா?

— சரி, கடைசியா என்னதான் வாங்கச் சொன்னாங்க?

— ஒன்னும் வாங்க வேணாமாம். இந்தத் தையக்கடைக் கடன அடைச்சிட்டு, மிச்சத்த நெனச்சப்ப எடுக்கற மாதிரி வெச்சுக்கச் சொன்னாங்க. பொண்ணு காலேஜுக்கு ரெண்டு வருஷத்துல வேணுமே. உன் பிளான்ல நடுவுல எடுத்தா பாதிதான் கைக்கு வருமாமே?

— அது வந்துக்கா...

— நீ சொல்லவே இல்லியேடா.

— கேளுக்கா. இந்த மாசம் டார்கெட் முடிக்கலேன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. உன்ன நம்பித்தான் இருந்தேன்.

— தெரியும். தம்பிக்காகவாவது போட்டுடலாமான்னு கேட்டேன். ‘தம்பிக்கு உதவணும்னா அவர் கையில நேரா குடுங்க. பாலிசி வழியா குடுத்தா அவருக்குக் கெடைக்கறது கொஞ்சம், நீங்க இழக்கறது நெறைய’ன்னாங்க. உன் கமிஷன் எவ்வளவுன்னும் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. இந்தா, அத்தனையும் இந்தக் கவர்ல இருக்கு. புடி... என்னடா, ஏன் கண்ணு கலங்குது?

— டார்கெட் முட்டாத மாசமெல்லாம் நானே எனக்கு வித்துக்கிட்டேன்க்கா. எம் பேருல ஒரு பாலிசி, எம் பொண்டாட்டி பேருல ஒன்னு, குழந்தை பேருலயும் ஒன்னு. இந்தக் காச அந்தம்மாவுக்கே ஃபீஸா கட்டிடறேன், என்னைக் கூட்டிட்டுப் போறியா?