முதல் ஒரு மணி நேரம்

பெரும்பாலான கணினிகள் கெடுவது தூசியால்தான், டாக்டர். மூடியைக் கழற்றி விசிறியை பிரஷ்ஷால் துடைத்தாலே பாதி மெஷின்கள் பிழைத்துக்கொள்ளும். ரிப்பேர் கடையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

என் மகளுக்கு இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவள் ஆராய்ச்சி வெள்ளத்தைப் பற்றியது. ஆறு கரையை உடைத்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும் என்று கணக்கிட வேண்டும். ஒருமுறை ஓடி முடிய ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அதற்காக என் கடையில் பாகம் பாகமாகப் பொறுக்கி அவளே ஒரு கணினியைச் சேர்த்தாள். "உங்க கஸ்டமர் மாதிரி என்னையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விடாதீங்கப்பா" என்று கிண்டல் வேறு. கணக்கு தேறினால் கடல் தாண்டி நான்கு வருடப் படிப்பு. இடம் தருவதாக அங்கிருந்து கடிதம்கூட வந்துவிட்டது. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

கணினியின் மூளையான ப்ராசசரைச் சோதிக்க எங்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. பெரிய பெரிய பெருக்கல்களைக் கொடுத்து மூச்சு முட்ட வேலை வாங்கும். விடையில் ஓர் இலக்கம் பிசகினாலும் சிவப்பு வரி காட்டி நின்றுவிடும்.

அவள் கல்லூரிக்குப் போயிருந்த பகல்களில் அதை அவள் கணினியில் ஓட்டினேன். ப்ராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் குறைந்தால் கணக்கில் பிசகும்; ரொம்பக் குறைத்தால் கணினியே நின்றுவிடும், கண்டுபிடித்துவிடுவாள். ஐந்தாம் நாள் சரியான அளவு கிடைத்தது. முதல் ஒரு மணி நேரம் பிசகே இல்லை. நன்றாகச் சூடேறி, மூன்றாவது மணி நேரத்தில்தான் தப்பு வந்தது. எதுவும் எரியவில்லை, உடையவில்லை. அவள் கையால் சேர்த்தது, அதில் நான் கவனமாக இருந்தேன்.

அதன் பிறகு அவளுக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. நான்கு மாதம் தன் கணக்கை வரி வரியாகப் பார்த்தாள். கல்லூரிக் கணினிக்கு வரிசை நீளம், அவள் முறை வருவதற்குள் கெடு முடிந்துவிடும். பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "ஒரே ஆறு, ஒரே மழை. நேத்து நாப்பது நிமிஷம், இன்னைக்குப் பதினஞ்சு. நாளைக்குத் தண்ணியே வராதாம்மா?" சிரித்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு காலை என்னிடம் வந்தாள். "அப்பா, மெஷின்ல கோளாறு இருக்குமோ?"

"ஓட்டிப் பாத்துடலாமே."

பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். திரையில் பச்சை வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு சிவப்பு வராதா என்று நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தினேன்.

"மெஷின் சுத்தமா இருக்கும்மா."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமேப்பா."

"இத்தனை வருஷமா எனக்கு இதானே பொழப்பு."

தலையாட்டினாள். "அப்ப தப்பு எங்கிட்டதான்."

நான் மறுத்துச் சொல்லவில்லை. அன்று மாலையே, படிக்க வரவில்லை என்று கடிதம் அனுப்பியவர்களுக்கு எழுதிவிட்டாள்.

பிறகு கணக்கோடு நிற்கவில்லை. கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று பத்து முறை திரும்பிப் போவாள். கடைசியில் இன்றைக்கு என்ன கிழமை என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டாள்.

அவளை இங்கே சேர்த்த மறுநாள், மின்னழுத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டு அவள் கணக்கை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஒரே விடை. அவள் போட்டது முதல் நாளிலிருந்தே சரி. அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இப்போது காட்டினால் குழந்தை குழம்பிப் போவாள்.

இன்று காலை, "நான் சாப்ட்டேனாப்பா?" என்று கேட்டாள். "சாப்ட்டியேம்மா" என்றேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. உலகத்தில் அவள் நம்புவது என் ஒருவனைத்தான், டாக்டர். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்தது கிடையாது.