அண்ணாச்சி வரைந்த கோவில்பட்டி

மேடையிலே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தலைவர், ஆழ்வார்பேட்டை வெங்கடரமணன் சார் அவர்களே! முன்வரிசையிலே இருக்கும் அண்ணாச்சி வீட்டம்மா, தங்கை சரோஜாதேவி அவர்களே! கடையிலே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, கழுத்து அட்டையைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெருப் பணியாளர்களே! எல்லோருக்கும் கபாலியின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர் இந்தக் கூடத்தில் இருக்க முடியாது. வடபழனி டெப்போ பக்கத்திலே ஒரு மேஜை, ஒரு குடை, இருபத்தெட்டு வருஷம். தெற்கே போகும் ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் போடுகிறவன். படித்தது எட்டாங்கிளாஸ். ஆனாலும் நான் ஏற்றிவிட்ட ஜனங்களை வரிசையாக நிறுத்தினால் வடபழனியிலே தொடங்கி, கன்னியாகுமரியையும் தாண்டி, கடலுக்குள்ளே நாலு மைல் போகும்! அப்படிப்பட்ட நான் இன்றைக்கு மேஜையை மூடிவிட்டு இங்கே வந்து நிற்கிறேன்.

யாருக்காக? வெள்ளைத்துரை அண்ணாச்சிக்காக!

யார் இந்த வெள்ளைத்துரை? கோவில்பட்டியிலே பிறந்து, தி.நகர் ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவிலே முப்பத்தோரு வருஷம் நின்றவர். உட்கார நாற்காலி வந்த பிறகும், “அதுல புள்ளைக உக்காரட்டும்” என்று நின்றவர். அவர் ஒரு புடவையை விரித்தால் கடையிலே மின்விசிறி நின்று பார்க்கும். நான் பார்த்திருக்கிறேன்!

அவர் ஊரைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலிக்கு வடக்கே, கரிசல் பூமி. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், பெய்யாவிட்டால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தி விளைந்தது, அதனால் மில் வந்தது. வெயில் காய்ந்தது, அதனால் தீப்பெட்டி வந்தது. கடலை மிட்டாயை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பைகளிலே இருக்கும். ரயில் ஊருக்குள்ளே நிற்கும். தூத்துக்குடித் துறைமுகம் கூப்பிடு தூரம்! “இவ்வளவு இருந்தும் ஏன் அண்ணாச்சி உங்க ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்து நிற்கிறார்கள்?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “தீப்பெட்டி ஆபீஸ்ல முந்தி நூறு கை செஞ்ச வேலைய இப்ப ஒரு மெசின் செய்யுது அண்ணே. மிச்சக் கையெல்லாம் இங்க சேல மடிக்குது.”

அந்தக் கைகள் பொங்கலுக்கு வீடு போக வேண்டாமா? ரயிலிலே இடம் கிடைக்காது. பஸ்தான். பஸ்ஸிலே என்ன தொல்லை? நாலு வழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. ஊருக்குள் நுழைந்து திரும்பினால் அரை மணி நேரம் போய்விடும் என்று, விடிவதற்கு முன்னாலே பிள்ளைகளைப் பைபாஸிலே இறக்கிவிட்டுப் பறந்துவிடுவார்கள். இருட்டு, லாரி, நாய். பதினெட்டு வயதுப் பெண் அங்கே பையோடு நின்றால் அவள் கதி என்ன?

அதற்குத்தான் அண்ணாச்சி ஒரு படம் வரைந்தார். புடவைப் பெட்டி அட்டையின் பின்பக்கம், பேனாவாலே கோவில்பட்டி முழுவதும்! பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மார்க்கெட், பைபாஸ். இதோ மேஜைமேல் இருக்கிறது. நமது தலைவர் நாற்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். வீட்டாருக்குப் புடவை எடுக்கக் கடைக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, “ஏன்யா, வடக்கு எந்தப் பக்கம்னு போடாம மேப் போட்டுண்டிருக்கீரே, ஸ்கேல் எங்கே?” என்று கேட்டார். “சார், மேல ‘மெட்ராஸ் இந்தப் பக்கம்’னு எழுதியிருக்கேன், அதான் வடக்கு. ஸ்கேலு நம்ம காலுதான். இங்கேருந்து இங்க பத்து நிமிசம்” என்றார் அண்ணாச்சி. தலைவர் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். இன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்திலே புள்ளிகள் உண்டு. எந்த வண்டி எங்கே இறக்கும் என்று. ஊருக்குள் வந்தால் பச்சை, பைபாஸ் என்றால் சிவப்பு. அதற்கு அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். புது வண்டி வந்தால் முதலிலே தான் ஏறிப் போய், இறங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் திரும்பி வந்துதான் புள்ளி வைப்பார். பக்கத்திலே ‘நான் பார்த்தது’ என்று எழுதுவார். தன் லீவு, தன் டிக்கெட்! “தெரியாத வண்டில புள்ளைகள ஏத்த மாட்டேன்” என்பார்.

இனி நான் சொல்லப்போவதை ஜோடிக்காமல் சொல்கிறேன். பழக்கமில்லாத வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஒரு புது வண்டி வந்தது. பன்னிரண்டு பெண்களுக்கு இடம் கேட்டு அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். கடையிலே நெரிசல், அவருக்கு முன்கூட்டி ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை. “வண்டி உள்ள போகுமா அண்ணே?” என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? “இன்னா நைனா இப்டி கேட்டுக்கினு! பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே போவுது. போன வாரம் நானே போய் எறங்கிப் பாத்தேன். எதுர்ல டீ கூட துன்னேன்.”

“டீய குடிக்கணும் அண்ணே” என்று சிரித்தார்.

“அந்த ஊரு டீ அவ்ளோ கெட்டியா கீது நைனா!” என்றேன்.

மக்களே! நான் கோவில்பட்டிக்குப் போனதே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த ஊருக்கு டிக்கெட் போட்டேன், செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. வாய் ருசிக்காகச் சொன்னேன். அவர் நம்பினார். தானும் அதே வண்டியிலே ஏறினார்.

வண்டி பைபாஸிலே நின்றது. ஊர் சாலைக்கு அந்தப் பக்கம். பெண்களை மூன்று மூன்று பேராக, செல்போன் வெளிச்சத்திலே, சாலையைக் கடக்கவைத்தார். “ஏட்டி, ஓடாத. நான் கையக் காட்டுனப்புறம் வா” என்று ஒவ்வொரு நடைக்கும் சொன்னாராம். நாலாவது நடையிலே கடைசி மூன்று பேரையும் நடுத்திட்டிலே ஏற்றினார். அவர்களிலே தீபிகாவின் பை பஸ் இறக்கிவிட்ட ஓரத்திலேயே கிடந்தது. எடுக்கத் திரும்பினார். லாரி.

பன்னிரண்டு பேரும் வீடு சேர்ந்தார்கள். அண்ணாச்சியும் அன்றைக்கு மாலை வீடு சேர்ந்தார், ஆம்புலன்ஸிலே.

தீபிகா, பின்வரிசையிலே தூணோரமாக நிற்கிறாய், எனக்குத் தெரிகிறது. நீ வேலையை விட்டுவிட்டாய் என்றார்கள். “ஒரு பைக்காக ஆளக் கொன்னுட்டா” என்று கடையிலே யாரோ சொன்னதாகவும், நீ சாப்பிடுவதே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அதனால்தான் இன்று வாய் திறந்தேன். அம்மா, அது உன் பையினாலே இல்லை. நான் தெரியாது என்று சொல்லியிருந்தால் நீ அந்த வண்டியிலேயே ஏறியிருக்க மாட்டாய். உன்னை ஒரு சொல் சொல்ல நினைக்கிறவர்கள் என் மேஜைக்கு வந்து என்னைச் சொல்லட்டும்.

தங்கை சரோஜாதேவி அவர்களே, மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. நேற்று நீங்கள்தான் இந்தப் படத்தை என் கையிலே கொடுத்தீர்கள். “கடைசியா ஒரு புள்ளி வச்சிருக்காரு, உங்க பேரு போட்டிருக்கு, பாருங்க” என்றீர்கள். வீட்டிலே போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு மேலே பச்சைப் புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் பக்கத்திலே ‘நான் பார்த்தது’. இதற்கு மட்டும் ‘கபாலி பார்த்தது’.

சபையிலே சொல்கிறேன். இனி எந்தப் புது வண்டி வந்தாலும் நான் ஏறிப் போய் இறங்காமல் ஒரு பிள்ளைக்கும் டிக்கெட் போட மாட்டேன். இன்றைக்கு எட்டரை மணிக்கு அதே வண்டி. கடைசி வரிசையிலே இடம் போட்டிருக்கிறேன். அவர் இறங்கிய இடத்திலே இறங்குவேன். எத்தனை விளக்கு எரிகிறது, கடக்க எத்தனை நிமிஷம், ஊருக்குள் நடக்க எத்தனை நிமிஷம் என்று என் காலாலே அளந்து வந்து, அந்தப் பச்சையைச் சிவப்பாக்குவேன்.

பக்கத்திலே அவர் எழுதியதை அழிக்க மாட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.