பெல்மர் நீதிமன்றத்தைத் திருப்பிக் கேட்ட ஏடா ஹால்வர்சன்

மேடையில் இருக்கும் போதகர் லிண்ட்க்விஸ்ட் அவர்களே, மேயர் அவர்களே, ஏடாவின் கணவர் ரோல்ஃப் அவர்களே, ஏடாவுக்கு விடைகொடுக்கப் பனியில் வண்டியோட்டி வந்து இந்தத் தேவாலயக் கூடத்தை நிறைத்திருக்கும் பெல்மர் மக்களே!

அழத்தான் வந்தேன். ஆனால் கோபம்தான் வருகிறது. மறைக்க மாட்டேன்.

நம் ஊர் மத்திய நீதிமன்றத்தில் நான் நீதிபதியாக இருந்த காலமெல்லாம் ஏடா ஹால்வர்சன்தான் எழுத்தர். மத்திய நீதிமன்றங்களை உண்டாக்கவும், அவை எங்கே கூட வேண்டும் என்று சொல்லவும் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? சட்டத்தில் இருந்த ஊர்ப் பட்டியலில் 'பெல்மர்' என்ற ஒரு சொல்லை அடித்தார்கள். அவ்வளவுதான்! நம் நீதிமன்றம் இருநூறு மைல் தள்ளிப் போனது.

அந்தக் குளிர்காலத்தில், சுரங்கத்தில் கையை இழந்த டெல்பர்ட் ஓக்ஸின் வழக்கு வந்தது. அவருடைய ஒரே சாட்சிக்கு வயது எழுபத்தெட்டு. புயலில் அந்த இருநூறு மைல் வர முடியவில்லை. ஒருமுறை தள்ளிவைத்தேன். மறுமுறையும் புயல். வழக்கு தோற்றது. தீர்ப்பை எழுதியவன் நான்.

அன்று ஏடா என் அறைக்குள் வந்தார். "ஐயா, நீங்க தப்பு பண்ணல. ஆனா தப்பு நடந்துபோச்சு. பண்ணவங்க மூஞ்சியப் பார்த்துக் கேக்கப் போறேன்" என்றார்.

கேட்டார்! வேலையை விட்டுவிட்டு வாஷிங்டன் போய்க் கேட்டார்! நாடாளுமன்றக் கீழவைக் குழுவில் ஓர் உறுப்பினர், "ஏம்மா, உங்க ஊர்ல மொத்தமே நாலாயிரம் பேரு. அதுக்கொரு கோர்ட்டா?" என்று சிரித்தார்.

"எத்தனை பேர் இருந்தா நியாயம் கிடைக்கும்னு சொல்லுங்கய்யா. மிச்சத்தைப் பெத்துட்டு வர்றோம்" என்றார் ஏடா.

பெல்மரைத் திரும்பப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை மூன்று முறை கீழவை ஏற்றது. மூன்று முறையும் அது மேலவைக் குழுவில் காலாவதியானது. எதிர்த்தவர் யார்? ஒருவருமில்லை! எடுத்துப் படித்தவர்? அவரும் இல்லை!

போன மாதம், புற்றுநோய்ப் படுக்கையிலிருந்து ஏடா அந்த மேலவைக் குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்றார்களாம். "எனக்கு அடுத்த கூட்டத்தொடர் கிடையாதுங்க" என்று இவர் சொன்னதை ரோல்ஃப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். இது வெட்கக்கேடு இல்லையா?

ஓய்வுபெற்ற நீதிபதிகள் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் மரபு. அதை இன்றோடு விடுகிறேன். இதோ, முன்வரிசையில் இருக்கும் டெல்பர்ட்டும் நானும் செவ்வாய்க்கிழமை வாஷிங்டன் புறப்படுகிறோம். நான் எழுதிய தீர்ப்பை அந்தக் குழுவின் முன் நானே வாசிப்பேன். வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: இதை எழுதியது நானா, நீங்களா?