வயல் வியூ

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயில். எதிர் சீட்டு அம்மாளின் மடியில் பத்து கிலோ அரிசிப் பை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஊர்க்காரப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, கடையில அரிசி வாங்கிகினு போற? உனக்குதான் சொந்த வயல் கீதே!"

"வயலா? அது இப்போ வியூடி."

"இன்னாது?"

"பக்கத்துல அபார்ட்மென்ட் கட்டினாங்க இல்ல, வயல் வியூன்னு சொல்லித்தான் வித்துகீறாங்க. இந்த போகம் நான் நடலையா, அவங்க செக்ரெட்டரி வந்துட்டாரு. 'ஏம்மா காயப் போட்டுட்ட, பால்கனியில நின்னா பாக்கவே நல்லா இல்ல'ன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"உங்க போரு என் கெணத்தயே உறிஞ்சிடுச்சே சார், எத்த ஊத்தி நடறதுன்னேன். லாரித் தண்ணி நாங்க வுடறோம், ஆனா அறுக்காம பச்சையாவே வெச்சுக்கணும்ன்றாரு!"

"அடப்பாவி! அப்புறம்?"

"தண்ணியெல்லாம் உங்க மொட்டமாடி டேங்க்லதானே கீது, நான் அங்க வந்து நட்டுக்கறேன். நீங்க எல்லாரும் எறங்கி வந்து என் வயல்ல நில்லுங்க, சோத்துக்கு சோறும் ஆச்சு, எனக்கும் மேலேர்ந்து ஒரு வியூ ஆச்சுன்னேன்."