பெரிய பிள்ளைகளுக்குச் சின்னப் பிள்ளைகளைத் தேடித் தந்தவருக்கு

அலமாரிகளின் அரசியே! அட்டை கிழிந்த புத்தகத்துக்கும் பசை தடவி ஆயுள் நீட்டிய அருமை மருத்துவரே! எடுத்துப் போன நூலைத் திருப்பித் தராத ஆசிரியர்களை நடைவழியில் நிறுத்தி, ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரே பார்வையில் கேட்டு வாங்கிய கண்டிப்பும் கனிவும் கலந்த கோமகளே! இப்பள்ளியின் நூலக ஆசிரியையாக முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தங்களை, உடன் உழைத்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வாழ்த்தி வணங்குகிறோம்.

பண்புகளை வரிசையாகப் பாடுவது மடலுக்கு மரபு. பொறுமை, நேர்மை, கடமை என்று அடுக்கத் தொடங்கினால் தாங்கள் நாற்காலியில் நெளிவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அவற்றை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, தாங்கள் தொடங்கி வளர்த்த ஜோடி வாசிப்பைப் பற்றியே பேசுகிறோம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாடியிலிருந்து இறங்கி ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள். ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை, இருவருக்கும் நடுவில் ஒரே புத்தகம். புத்தகம் சின்னவர் மடியில் இருக்க வேண்டும், வரியைத் தொட்டுச் செல்லும் விரல் பெரியவருடையதாக இருக்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த சட்டம். முதல் வாரம் எழுந்த இரைச்சலில் சந்தைக்கடை தோற்றது. அடுத்த அறை ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டார். தாங்களோ பாய்களுக்கிடையே செருப்பில்லாமல் நடந்து, யார் அருகிலும் நிற்காமல், எல்லார் வாசிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நன்றாகப் படிப்பவர்களையே அனுப்புவீர்கள் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். தாங்களோ எழுத்துக் கூட்டவே திணறுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கினீர்கள். "நீச்சல் தெரியாதவனை விட்டு நீச்சல் சொல்லித்தர்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்று நம் கணக்கு ஆசிரியர் சலித்துக்கொண்டார். "நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுத் தாங்கள் பாய் விரிக்கப் போய்விட்டீர்கள்.

அவ்வாண்டு எட்டாம் வகுப்பில் 'தொண்டைக்கட்டு' என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு பெண் இருந்தாள். படிக்கச் சொல்லி எழுப்பினால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் பாட்டிலைக் காட்டுவாள். ஆளுக்கொரு கைவைத்தியம் அவளுக்குச் சொல்லப்பட்டது. அவளுக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை, படிக்கத்தான் தெரியவில்லை என்று கண்டுகொண்டவர் தாங்கள் ஒருவரே. கண்டதை எவரிடமும் சொல்லவும் இல்லை. நம் பள்ளியில் படிப்பு எட்டோடு முடிகிறது. எழுத்து அறியாமல் வாசலைத் தாண்டிவிட்டால், பிறகு அருகில் உட்கார்ந்து கற்றுத்தர அவளுக்கு ஒருவரும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் ஒருவரின் ஒன்றாம் வகுப்பு மகனோடு அவளைச் சேர்த்தீர்கள். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பவன் என்பதால் அவனுக்கு 'ஏன்' என்றே பெயர் விழுந்திருந்தது. அவனுக்கும் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில், அவள் படங்களைப் பார்த்துத் தானாக ஒரு கதை கட்டி, நரியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றாள். அடுத்த வாரம் அவன் அதே புத்தகத்தைக் கேட்டான். இம்முறை நரி ஊர்வலம் போனது.

"போன வாரம் நரி செத்துப்போச்சே அக்கா. இப்ப எப்படி வந்துச்சு?"

"பிழைச்சுடுச்சு."

"ஏன்?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். மணி அடித்ததும் தங்கள் மேசைக்கு வந்து, "டீச்சர், அந்த நரி நிஜமாவே சாகுதா, இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் புத்தகம் தங்களுக்கு மனப்பாடம். இருந்தும், "எனக்கு ஞாபகம் இல்லம்மா. வா, பார்த்துடலாம்" என்றீர்கள். அன்று முதல் மதிய இடைவேளைகளில் கடைசி அலமாரிக்குப் பின்னால் இருவரும் அ, ஆவிலிருந்து தொடங்கினீர்கள்.

இதற்குள் நரி செத்துப் பிழைத்த சேதி மருந்துக்கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் தலைமையாசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "என் பிள்ளைக்குப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைப் போடுங்க சார். இந்தப் பொண்ணு சும்மா கதை விடுது." ஜோடியைப் பிரித்தால் காரணம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும், தெரிந்தால் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அவள் தங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். "ஒரு மாசம் பொறுங்க. அப்புறம் நீங்களே வந்து கேளுங்க. பிடிக்கலைன்னா மாத்திடறேன்" என்றீர்கள். இதைத் தலைமையாசிரியர் பின்னர் எங்களிடம் சொன்னார்.

சொன்ன நாளில் அவர் வந்து, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தார். அவள் விரலை வரியில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பாதியில் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டாள். தந்தை குனிந்து சொல்லப் போனார். "அப்பா, சும்மா இருங்க. அக்கா இப்ப சொல்லுவாங்க" என்றான் மகன். அறை காத்திருந்தது. அவள் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் நரி கிணற்றிலிருந்து ஏறிக் காட்டுக்குப் போனது. "ஏன் சாகல?" என்று அவன் விடாமல் கேட்க, "இதோ, போட்டிருக்கு பாரு" என்று அவள் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

எல்லோரும் போகும்வரை மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. பிறகு தங்களிடம் வந்து தணிந்த குரலில் பேசினார். "எங்க பெரியவன் இங்கதான் ஏழாவது படிக்கிறான் டீச்சர். அவனும் இப்படித்தான். வெளிய யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் அவனுக்கும் ஒரு சின்னப் பிள்ளை கிடைக்குமா?"

தாங்கள் ஜோடி சேர்த்ததெல்லாம் பெரியவர்களுக்காக என்பது எங்களுக்கு விளங்கியது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண் நம் பள்ளியை விட்டுப் போகும்போது தானாகப் படிக்கத் தெரிந்தவளாகவே போனாள். அவளுக்குப் பின் எத்தனையோ பேர். அதற்காகத் தங்களை உளமார மெச்சுகிறோம். உள்ளபடியே சொன்னால், கொஞ்சம் பொறாமையும் படுகிறோம்.

கண்ணொளி குறையாமல், கால்வலி அண்டாமல், படித்துத் தீராத புத்தகங்களும் படித்துக்காட்டத் தீராத மூச்சுமாகத் தாங்கள் நெடுநாள் வாழ்க. ஓய்வு பெற்று என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "தூங்கணும்" என்றீர்கள். ஒருவரும் நம்பவில்லை.

ஒன்றாம் வகுப்பில் சென்ற வாரம் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். இன்னும் யாரோடும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு நாங்கள் ஜோடி போடவில்லை; எட்டாம் வகுப்பில் ஆள் இல்லாமல் அல்ல. பெரியவர்களில் யாருக்கு இப்போது ஒரு சின்னப் பிள்ளை தேவை என்று தங்கள் வழியிலேயே யோசித்துப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை அவள் பாயில் தங்களுக்கு இடம் விட்டு வைத்திருப்போம்.

தங்கள் பிரிவை ஒப்புக்கொள்ளாத,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்