அண்ணன் பேருக்கு வர்ற மெயில்

— அவருக்கு வர்ற மெயில் பெட்டில விழவே கூடாதுங்கறேன், தம்பி. விழுந்தா நான் திறந்து படிச்சுடுவேன்.

— புரியுது அண்ணி. அந்த நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. ஏசி நேரா மூஞ்சில அடிக்குது பாருங்க. மெஷினுக்காக வச்சிருக்கற குளிர், மனுஷனுக்குத் தாங்காது.

— பரவால்ல. எனக்கு ஒண்ணும் தெரியல.

— பாருங்க, சாதாரணமா மெயில் வந்தா சர்வர் என்ன பண்ணும்? தபால்காரர் மாதிரி அவங்கவங்க பெட்டில போட்டுட்டுப் போயிடும். அண்ணன் பேருக்கு வர்றதை மட்டும் பெட்டில போடாதே, நேரா ஒரு புரோகிராம் கையில குடுன்னு சொல்லப்போறோம். அது வாங்கி, யார் அனுப்பினதுன்னு பார்த்து, நாம எழுதி வச்ச பதிலை அவங்களுக்கு அனுப்பிடும். நீங்க ஒருத்தருக்கும் வாயைத் திறக்க வேண்டாம்.

— அதான் வேணும். சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போச்சு. நேத்துகூட ஒரு பழக்கடைக்காரர், மெயிலுக்குப் பதில் இல்லைன்னு போன் போட்டார். தராசு எடையை அதிகமாக் காட்டுது, சார் எப்ப வந்து சரிபண்ணுவார்ன்னார். சார் போயிட்டார்னேன். எங்க போயிருக்கார்ன்னார்.

— ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?

— வெளியூர்னுட்டேன்.

— ...சரி, பதில்ல என்ன எழுதலாம்? 'இறைவனடி சேர்ந்தார்'னு போடவா?

— உங்கண்ணன் எந்தச் சாமி அடியையும் சேர்ந்ததில்ல. 'இறந்துவிட்டார்'னு போடு.

— கொஞ்சம் வெடுக்குனு இருக்காதா அண்ணி?

— வெடுக்குனுதானே போனார்.

— ம். போட்டாச்சு. அப்புறம்?

— 'பட்டறையில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே. அதிக நேரம் ஆகவில்லை. தனியாக இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.'

— தராசு ரிப்பேருக்குக் கேக்கறவங்களுக்கு இவ்வளவு எதுக்கு அண்ணி?

— போடு, தம்பி.

— சரி சரி. இப்ப இந்த ஃபைல்ல ஒரே ஒரு வரி. அண்ணன் முகவரி. அப்புறம் நெட்டுக்குத்தா ஒரு கோடு. அதுக்கப்புறம் புரோகிராம் இருக்கற இடம். இந்தக் கோட்டுக்குப் பைப்னு பேரு. மெயில் குழாய்த்தண்ணி மாதிரி ஓடி அந்தப் பக்கம் விழும்.

— இவ்வளவுதானா?

— இன்னொண்ணு. மெஷின் அனுப்பற மெயிலுக்கெல்லாம் பதில் போடாதேன்னும் சொல்லி வைக்கணும். இல்லன்னா அது இதுக்குப் பதில் போடும், இது அதுக்குப் பதில் போடும். ரெண்டும் நாள் முழுக்கத் துக்கம் விசாரிச்சுக்கிட்டுக் கெடக்கும்.

— நம்ம சொந்தக்காரங்க மாதிரி.

— அப்பாடா, சிரிச்சுட்டீங்க.

— சிரிச்சேனா? சரி. அந்தப் புரோகிராம் யார் பேர்ல ஓடும்? உன் பேர்லயா?

— ஊஹூம். வெளியிலேர்ந்து வர்றதை நம்பி நம்ம பேரைக் குடுக்கக் கூடாது. இதுக்குன்னே ஒரு உரிமையும் இல்லாத கணக்கு ஒண்ணு உண்டு. அதோட பேரே 'யாருமில்லை'.

— நல்ல பேரு.

— சேவ் பண்ணிட்டேன். இனிமே யாராவது அனுப்பினா... பாருங்க, வாய் மூடறதுக்குள்ள ஒண்ணு வந்துருச்சு! அட. மாட்டிக்கிச்சே.

— என்ன?

— என் தப்புதான். புரோகிராமை என் ஃபோல்டருக்குள்ள வச்சுட்டேன், 'யாருமில்லை'க்கு அங்க நுழைய அனுமதி இல்ல. பயப்படாதீங்க, மெயில் தொலையாது, வரிசைல நிக்கும். அனுமதியைக் குடுத்துட்டு ஒரு தட்டு தட்டினா போயிடும். யார்னு மட்டும் பார்த்துட்டு... அண்ணி.

— தட்டு.

— அண்ணி, இது நம்ம பாப்பா கப்பல்லேர்ந்து அனுப்பினது.

— தெரியும். இந்த நேரத்துக்குத்தான் அவளுக்கு வேலை முடியும். தட்டு, தம்பி.

— அவளுக்குக் கப்பல் கம்பெனி மூலமா அன்னைக்கே சொல்லிட்டேன்னீங்களே!

— சொல்லல.

— அப்ப அவ அவங்கப்பாவுக்கு இன்னும் எழுதிக்கிட்டா இருக்கா?

— தினமும். எஞ்சின் ரூம்ல எது உடைஞ்சுது, எதை மாட்டினேன்னு. நடுக்கடல்ல போன் கிடைக்காது, மெயில்தான்.

— யாரு பதில் போடறது?

— நான்தான். அவர் பேர்ல. கரைக்கு வந்து சேரட்டும்னு பார்த்தேன். நடுக்கடல்ல அவ அழுதா யாரு புடிச்சுக்குவா? ஆனா இப்ப கை ஓட மாட்டேங்குது. என்னால அவளுக்குச் சொல்லவும் முடியல, அவரா இருக்கவும் முடியல.

— அதுக்காக? பெத்த பொண்ணுக்கு மெஷின் சொல்லணுமா? பழக்கடைக்காரருக்குப் போற அதே பதில் அவளுக்கும் போகணுமா?

— அதை அவளுக்குத்தான் எழுதினேன். பழக்கடைக்காரருக்கும் போனா போகட்டும்.

— நான் தட்ட மாட்டேன் அண்ணி.

— நீ தட்டலைன்னா அவ பதில் வரும்னு உட்கார்ந்திருப்பா.

— உட்கார்ந்திருக்கட்டும். இதுக்கு என் கை வராது.

— ...என்ன எழுதியிருக்கா?

— பார்க்கல. அடுத்தவங்க மெயிலை நான் பார்க்கறதில்ல.

— படி. இன்னைக்கு என்ன உடைஞ்சுதாம்?

— இருங்க... 'அம்மா'ன்னு ஆரம்பிக்குது.

— அவருக்குத்தானே அனுப்பினா?

— அண்ணன் முகவரிக்குத்தான் வந்திருக்கு. "அம்மா, அப்பா ஒரு நாளும் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. உன்னோட முதல் பதில்ல அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர் இருக்கற மாதிரி எழுதறதுல உனக்கு ஒரு தெம்பு இருக்குன்னுதான் நானும் அப்பாவுக்கே எழுதிக்கிட்டிருந்தேன். இனிமே என்னால முடியலம்மா."