முயலம்மா திரும்பி வர்றா

— இல்லைங்க மார்லீன், சத்தியமா திட்டக் கூப்பிடலை. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்.

— நன்றியா? இருங்கம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துக்கறேன். எந்தப் படத்தைப் பிள்ளைங்க பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு இந்த வெப்சைட்ல எத்தனையோ வருஷமா எழுதறேன். நன்றின்னு ஒரு போன் வந்ததில்லை. ராங் நம்பர் இல்லையே?

— ஐயோ, இல்லவே இல்லைங்க! நான் ஷெல்பி, கெனோராவிலேருந்து பேசறேன். ஸ்கூல் பஸ் ஓட்டறேன். அந்த முயல் படம் பாருங்க, நெட்ல வந்துச்சே, பஸ்ல ஏறுற அத்தனை வாண்டும் அந்தப் பாட்டைத்தான் கத்துது. எங்க ஐலாக்குட்டி மட்டும்தான் பார்க்கலை. "எல்லாரும் பார்த்தாச்சு, எல்லாரும் பார்த்தாச்சு"ன்னு என் உயிரை எடுத்துட்டா.

— அதுல என்னங்க இருக்கு? சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அஞ்சு வயசுக்கு மேல தாராளமா பார்க்கலாம்னுதானே எழுதினேன்.

— எல்லாரும் அதைத்தாங்க எழுதியிருக்காங்க. நீங்க மட்டும்தான் கடைசியில என்ன ஆகுதுன்னும் எழுதினீங்க. செத்துப்போச்சுன்னு எல்லாரும் நெனச்ச முயலம்மா பனியில நடந்து திரும்பி வந்துடும்னு.

— அம்மா தாயே, அதுக்குத்தான் ஊரே என்னைத் திட்டுது! முடிவைச் சொல்லிப் படத்தையே கெடுத்துட்டேனாம். "உனக்கு நாக்கு நீளம்"னு ஒரு ஆள் எழுதியிருக்கார். எங்க பாஸ் ரைமோ, இதுவரைக்கும் நான் எழுதின முடிவையெல்லாம் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடச் சொல்லிட்டார்.

— யாருகிட்ட மார்லீன் என் பேரைப் போட்டு உருட்டறே?

— வாயில இருக்கிற பன்னை முழுங்கிட்டுப் பேசுங்க ரைமோ. நன்றி சொல்லி ஒரு போன் வந்திருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே கேளுங்க.

— ஹலோ ஷெல்பி, ரொம்ப சந்தோஷம்ங்க. ஆனா ஊர்ல அத்தனை பேர் திட்டறாங்க, நீங்க ஒருத்தர் நன்றி சொல்றீங்க. நான் யார் பக்கம் நிக்கறது, சொல்லுங்க? அதுவும் இது நல்ல முடிவு. அம்மா திரும்பி வர்றதைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும்?

— பயப்படாதுங்க. நம்பிடும்.

— நம்பினா என்னவாம்?

— இருங்க ரைமோ, அவங்களைப் பேச விடுங்க. நீங்க சொல்லுங்க ஷெல்பி.

— மார்லீன் எழுதினதைப் படிச்சதும், டேப்லெட்ல சார்ஜ் இல்லைன்னு பொய் சொல்லி, துணிப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சேன். ஆனா எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வேற வீட்டுல, யாரோட சோபாவுலயோ உட்கார்ந்து பார்த்துட்டு வந்து நிக்கும். அதனால மக்ரோனி பண்ணிக் கொடுத்து, பக்கத்துல உட்கார வச்சு, முடிவை நானே முதல்ல சொல்லிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உட்கார்ந்து பார்த்தோம். நீங்க அந்த ஒரு வரி எழுதலைன்னா நான் அவளைத் தனியாப் பார்க்க விட்டுட்டு, துணி துவைக்கப் போயிருப்பேங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்.

— எனக்குக் கண்ணெல்லாம் கலங்குதுங்க, ஏன்னுதான் தெரியலை. உங்க பொண்ணு பார்த்துட்டு என்ன சொன்னா?

— அதைச் சொல்லத்தாங்க கூப்பிட்டேன். ஏப்ரல்லேருந்து எங்க வீட்டு ஜன்னலை விட்டு நகராத பிள்ளை. ஒரு சொட்டு அழலை. படம் முடிஞ்சதும் என் முகத்தை ரெண்டு கையால பிடிச்சுத் திருப்பி, "முயல்தான் வரும். எங்கம்மா வர மாட்டாங்க, இல்ல சித்தி?"ன்னு கேட்டா.